மடிக்கணினி நுண்செயலியின் மின்நுகர்வைக் குறைத்தல்: லினக்ஸ் கருநிரல் அமைப்புகள் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மடிக்கணினியின் மின்கலம் நெடுநேரம் தாங்க வேண்டுமெனில் நுண்செயலியின் வேகத்தைக் குறைத்தால் போதும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்கருத்து ஓரளவே உண்மையானது. நுண்செயலி எவ்வளவு மெதுவாக இயங்குகிறது என்பதைக் காட்டிலும், அது எவ்வளவு நேரம் இடையூறின்றி ஆழ்ந்து உறங்குகிறது என்பதே அன்றாடப் பயன்பாட்டில் மின்நுகர்வைப் பெரிதும் முடிவு செய்கிறது. லினக்ஸ் இயக்க அமைப்பின் கருநிரலில் உள்ள உறக்கநிலை, நேரத்துடிப்பு, வேகக் கட்டுப்பாடு, புறச்சாதன இணைப்பு ஆகியவை சார்ந்த அமைப்புகள் எவ்வாறு செயல்படுகின்றன என்பதையும், அவற்றை மாற்றுவதால் விளையும் நன்மை தீமைகளையும், மாற்றத்தை அளந்தறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மடிக்கணினி, நுண்செயலி, லினக்ஸ் கருநிரல், மின்நுகர்வு, உறக்கநிலை, வேகக் கட்டுப்பாடு

1. முன்னுரை

கணினியின் வன்பொருளுக்கும் பயன்பாட்டு மென்பொருள்களுக்கும் இடையில் நின்று இரண்டையும் இணைக்கும் அடிப்படை நிரலே கர்னல் எனப்படும் கருநிரல் ஆகும். எந்த நிரல் எப்போது இயங்க வேண்டும், நுண்செயலி எந்த வேகத்தில் செயல்பட வேண்டும், வேலை இல்லாதபோது எந்த அளவிற்கு உறங்கலாம் என்பனவற்றை அதுவே முடிவு செய்கிறது. லினக்ஸ் கருநிரலில் இம்முடிவுகள் பயனருக்கு மறைக்கப்படவில்லை. அவை சிறுசிறு கோப்புகளாகவும் தொடக்கக் கட்டளைக் குறிப்புகளாகவும் வெளியே தெரிகின்றன. உரிய அனுமதி உடைய எவரும் அவற்றை மாற்றலாம். இவ்வசதி நன்மை தருவது போலவே ஏமாற்றமும் தரவல்லது. காரணம் அறியாமல் செய்யப்படும் மாற்றம், மின்நுகர்வைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டவும் கூடும்.

சிறிய குறைப்பும் எங்கே பெரும்பயன் தரும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். 50 வாட்-மணி கொள்ளளவு கொண்ட மின்கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினி கடும் வேலையில் 25 வாட் நுகருமாயின் மின்கலம் 2 மணி நேரம் தாங்கும். அதில் 1 வாட் குறைத்தால் கிடைப்பது 5 நிமிடம் மட்டுமே. அதே கணினி, ஒருவர் கட்டுரை படித்துக்கொண்டிருக்கும் வேளையில் 5 வாட் நுகர்ந்தால் மின்கலம் 10 மணி நேரம் தாங்கும். அப்போது அதே 1 வாட்டைக் குறைத்தால் 12 மணி 30 நிமிடம் தாங்கும். ஆகவே மின்சேமிப்பின் முதன்மையான களம் கணினி உழைக்கும் நேரம் அன்று. அது ஓய்ந்திருக்கும் நேரமே ஆகும்.

2. மின்திறனும் ஆற்றலும்

மின்திறன் என்பது ஒரு விநாடியில் செலவாகும் ஆற்றலின் அளவு; ஆற்றல் என்பது மொத்தச் செலவு. மின்கலம் சேமித்து வைத்திருப்பது ஆற்றலையே. எனவே மின்திறனைக் குறைத்து வேலை நேரத்தை நீட்டினால் மொத்தச் செலவு குறையும் என்பதற்கு உறுதி இல்லை.

நுண்செயலியின் மின்செலவு இரு பகுதிகளை உடையது. முதலாவது இயங்குநிலைச் செலவு. இது மின்னழுத்தத்தின் இருமடிக்கும் கடிகார வேகத்திற்கும் நேர்விகிதத்தில் அமைவது. இரண்டாவது விழிப்புநிலைச் செலவு. திரிதடையங்களின் வழியே கசியும் மின்சாரமும், சில்லின் பொதுப்பகுதிகளும் நினைவகமும் விழித்திருப்பதற்கான செலவும் இதில் அடங்கும். வேலை மெதுவாக நடந்தாலும் விரைவாக நடந்தாலும், விழித்திருக்கும் நேரம் முழுவதும் இச்செலவு தொடரும்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு ஈடுசெய்கின்றன என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு வேலையை 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்திலும் 1.2 வோல்ட் மின்னழுத்தத்திலும் முடிக்க 10 விநாடி ஆகிறது எனவும், அப்போதைய இயங்குநிலைச் செலவு 12 வாட் எனவும் கொள்க. விழித்திருக்கும்போது கூடுதலாக 6 வாட்டும், உறங்கும்போது மொத்தமாக 1 வாட்டும் செலவாகின்றன எனக் கொள்க. ஒவ்வொரு வேகத்திற்கும் 40 விநாடிக் கால அளவில் ஆகும் மொத்த ஆற்றல் பின்வருமாறு:

அ) 3 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட்: இயக்கத்திற்கு 120 ஜூல், விழிப்பிற்கு 60 ஜூல், எஞ்சிய 30 விநாடி உறக்கத்திற்கு 30 ஜூல். மொத்தம் 210 ஜூல்.

ஆ) 1.5 கிகாஹெர்ட்ஸ், 0.9 வோல்ட்: இயக்கத்திற்கு 67.5 ஜூல், 20 விநாடி விழிப்பிற்கு 120 ஜூல், 20 விநாடி உறக்கத்திற்கு 20 ஜூல். மொத்தம் 207.5 ஜூல்.

இ) 0.75 கிகாஹெர்ட்ஸ், அதே 0.9 வோல்ட்: இயக்கத்திற்கு 67.5 ஜூல், 40 விநாடி விழிப்பிற்கு 240 ஜூல். மொத்தம் 307.5 ஜூல்.

ஈ) 4 கிகாஹெர்ட்ஸ், 1.4 வோல்ட்: 7.5 விநாடி இயக்கத்திற்கு ஏறத்தாழ 163 ஜூல், விழிப்பிற்கு 45 ஜூல், உறக்கத்திற்கு 32.5 ஜூல். மொத்தம் ஏறத்தாழ 241 ஜூல்.

இக்கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. வேகத்தைப் பாதியாக்கியும் பெரிய சேமிப்பு கிடைக்கவில்லை. மின்னழுத்தம் மேலும் குறைய இயலாத எல்லைக்குக் கீழே வேகத்தை மட்டும் குறைத்தபோது செலவு வெகுவாகக் கூடிவிட்டது. மறுமுனையில், உச்ச வேகத்திற்கெனக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்தபோதும் செலவு கூடியது. அதாவது, மிகக் குறைந்த வேகமும் சிக்கனமன்று. மிக உயர்ந்த வேகமும் சிக்கனமன்று. இடைப்பட்ட வேகத்தில் வேலையை முடித்துவிட்டு உடனே உறங்கச் செல்வதே சிக்கனம். எண்கள் கணினிக்குக் கணினி மாறும். இவ்வடிவம் பெரிதும் மாறாது.

3. உறக்கநிலைகள்

நவீன நுண்செயலிகளில் உறக்கம் ஒரே நிலையாக இல்லாமல் பல படிகளாக அமைந்துள்ளது. சி1 எனப்படும் முதற்படியில் கோர் எனப்படும் உள்ளகத்தின் கடிகாரம் மட்டும் நிற்கிறது; சில மைக்ரோ விநாடிகளில் அது விழித்துக்கொள்ளும். சி6 படியில் உள்ளகத்தின் நிலை வேறிடத்தில் சேமிக்கப்பட்டு, அதற்குச் செல்லும் மின்சாரமே ஏறத்தாழ முற்றிலும் துண்டிக்கப்படுகிறது. அதற்கும் ஆழ்ந்த படிகளில் உள்ளகங்களோடு சில்லின் பொதுப்பகுதிகளும் அணைகின்றன.

ஆழ்ந்த உறக்கத்திற்கு ஒரு விலை உண்டு. நிலையைச் சேமிக்கவும் மீட்கவும் ஆற்றலும் நேரமும் தேவை. எனவே ஒவ்வொரு படிக்கும் விழிப்புத் தாமதம், பயன்தரத் தேவையான குறைந்தபட்ச உறக்க நேரம் என இரு அளவுகள் உள்ளன. 2015-இல் வெளிவந்த ஸ்கைலேக் வகை இன்டெல் நுண்செயலிகளுக்கான கருநிரல் அட்டவணையில், சி6 படிக்கு இவை முறையே 85, 200 மைக்ரோ விநாடிகளாகவும், சி10 படிக்கு 890, 5000 மைக்ரோ விநாடிகளாகவும் குறிக்கப்பட்டுள்ளன. குறைந்தபட்ச நேரத்திற்கு முன்பே எழுப்பப்பட்டால் உறங்கியதால் இலாபம் இல்லை, நட்டமே மிஞ்சும்.

ஆகவே அடுத்த விழிப்பு எப்போது வரும் என்பதைக் கருநிரல் முன்கூட்டியே கணிக்க வேண்டியுள்ளது. 2008 சனவரியில் வெளிவந்த 2.6.24 பதிப்பில் இதற்கெனத் தனிக் கட்டமைப்பு இடம்பெற்றது. அதில் மெனு எனப்படும் கணிப்பு முறை நெடுங்காலம் வழக்கில் இருந்துவருகிறது. 2019-இல் வெளிவந்த 5.1 பதிப்பில், நேரங்காட்டி நிகழ்வுகளை முதன்மையாகக் கொண்டு கணிக்கும் டீஈஓ என்னும் மாற்று முறையும் சேர்க்கப்பட்டது.

பயனர் இங்குச் செய்யவேண்டியது பெரும்பாலும் புதிய அமைப்பைச் சேர்ப்பது அன்று. பழைய தடையை நீக்குவதே ஆகும். உறக்கத்தின் ஆழத்திற்கு உச்சவரம்பு விதிக்கும் தொடக்கக் கட்டளைக் குறிப்பு ஒன்று உள்ளது. பே ட்ரெயில் வகை நுண்செயலிகள் கொண்ட கணினிகள் லினக்ஸில் திடீரென உறைந்து நின்றபோது, அதைத் தவிர்க்க இவ்வரம்பை 1 என வைப்பது பரவலான தற்காலிகத் தீர்வாக இருந்தது. சிக்கல் தீர்ந்தது, ஆனால் நுண்செயலி முதற்படிக்கு மேல் உறங்க இயலாமற்போனதால் மின்கலம் விரைவில் தீர்ந்தது. இத்தகைய குறிப்புகள் ஒருமுறை எழுதப்பட்டபின் கருநிரல் பலமுறை புதுப்பிக்கப்பட்டாலும் அப்படியே நிலைத்துவிடுகின்றன. கணினி எந்தக் குறிப்புகளுடன் தொடங்கியது என்பதைப் பார்த்து, இனித் தேவையற்ற வரம்பை நீக்குவதே முதற்பணியாகும்.

4. நேரத்துடிப்பு

கருநிரல் தொடக்கத்தில் ஒரு சீரான துடிப்பைச் சார்ந்து இயங்கியது. விநாடிக்கு 100, 250, 300 அல்லது 1000 முறை என்னும் அளவில் நேரங்காட்டி நுண்செயலியைத் தட்டி எழுப்பும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுப்பும். விநாடிக்கு 1000 துடிப்புகள் எனில் இடைவெளி 1000 மைக்ரோ விநாடி. 250 துடிப்புகள் எனில் 4000 மைக்ரோ விநாடி. மேலே கூறிய சி10 படிக்குத் தேவையானதோ 5000 மைக்ரோ விநாடி. ஆகவே சீரான துடிப்பு நீடிக்கும் வரை, 250 என்னும் மிதமான அளவிலும்கூட, மிக ஆழ்ந்த உறக்கம் பயன்தராது.

இக்குறை 2007 ஏப்ரலில் வெளிவந்த 2.6.21 பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கும், 2.6.24 பதிப்பில் 64 பிட் கணினிகளுக்கும் நீங்கியது. உள்ளகம் ஓய்வாக இருக்கும்போது துடிப்பு நிறுத்தப்பட்டு, அடுத்த உண்மையான வேலைக்கு மட்டுமே நேரங்காட்டி அமைக்கப்பட்டது. இன்றைய பொதுப்பயன்பாட்டு லினக்ஸ் வழங்கல்கள் இம்முறையிலேயே தொகுக்கப்படுகின்றன. தாமாகக் கருநிரலைத் தொகுப்போர் இத்தேர்வு இடம்பெற்றுள்ளதா என்பதை உறுதிசெய்தல் வேண்டும்.

கருநிரல் தன் துடிப்பை நிறுத்தியதும் பயன்பாட்டு மென்பொருள்களின் குறை வெளிப்பட்டது. விநாடிக்குப் பலமுறை காரணமின்றி விழித்து எதையேனும் சரிபார்க்கும் நிரல்கள் ஏராளமாக இருந்தன. அவற்றை அடையாளம் காட்டவே 2007-இல் இன்டெல் நிறுவனம் பவர்டாப் என்னும் கருவியை வெளியிட்டது. எந்த நிரல் விநாடிக்கு எத்தனை முறை நுண்செயலியை எழுப்புகிறது என்பதை அது பட்டியலிடுகிறது.

இதே நோக்கில் மாற்றத்தக்க மேலும் இரு அமைப்புகள் உள்ளன. ஒன்று, கருநிரல் உறைந்துவிட்டதா எனக் கண்காணிக்கும் காவல் நேரங்காட்டி. பிழை ஆராய்வோருக்கே இது இன்றியமையாதது, பிறர் நிறுத்திவைக்கலாம். மற்றொன்று, நினைவகத்தில் தேங்கிய தரவை வட்டில் எழுதும் கால இடைவெளி. இயல்பான 5 விநாடியை 15 விநாடியாக நீட்டினால் விழிப்புகள் குறையும். ஆனால் கணினி திடீரென அணைந்தால், கடைசி 5 விநாடிகளில் மாறியவற்றோடு அதற்கு முந்தைய விநாடிகளில் மாறியவையும் எழுதப்படாமல் போகும் வாய்ப்பு உண்டு. மின்கலம் பழுதடைந்த கணினியில் இம்மாற்றம் விரும்பத்தக்கது அன்று.

5. வேகக் கட்டுப்பாடு

இன்டெலின் ஸ்பீட்ஸ்டெப் நுட்பம் 2000-ஆம் ஆண்டில் மடிக்கணினி நுண்செயலிகளுக்கு இருவேறு வேகங்களை வழங்கியது. பின்னர் வேகப்படிகள் பலவாயின. அவற்றுள் எதைத் தேர்வது என்பதை முடிவு செய்யும் கருநிரல் பகுதி கவர்னர் எனப் பெயர் பெற்றது. 2004-இல் 2.6.9 பதிப்பில் வந்த ஆன்டிமாண்ட் கவர்னர், உள்ளகத்தின் வேலைப்பளுவை அவ்வப்போது அளந்து வேகத்தை ஏற்றி இறக்கியது. 2016-இல் 4.7 பதிப்பில் வந்த ஷெட்யூட்டில் கவர்னர், தனியே அளக்காமல், பணிகளைப் பங்கிடும் கருநிரல் பகுதி ஏற்கெனவே அறிந்துள்ள பளுவையே பயன்படுத்துகிறது.

இங்குப் பெயர்க்குழப்பம் ஒன்று பலரை வழிதவறச் செய்கிறது. பொதுவான கட்டமைப்பில் பவர்சேவ் என்னும் கவர்னர், வேகத்தை அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த படியிலேயே நிறுத்திவைக்கும். 2013-இல் 3.9 பதிப்பில் வந்த இன்டெல் பி-ஸ்டேட் இயக்கியின் செயல்நிலையிலும் பவர்சேவ் என்னும் பெயரே உள்ளது. ஆனால் அங்கு அது பளுவிற்கு ஏற்ப வேகத்தை ஏற்றி இறக்கும் முறையாகும். முதற்பொருளில் கொண்டால், இரண்டாம் பகுதியில் கண்ட (இ) நிலை நேரக்கூடும்: கணினி தவழும், மின்கலமும் விரைவில் தீரும். இரண்டாம் பொருளில் அது பெரும்பாலோர்க்கு ஏற்ற தேர்வு. எனவே கவர்னரின் பெயரைப் பார்க்கும் முன் எந்த இயக்கி செயல்படுகிறது என்பதைப் பார்த்தல் வேண்டும். ஏஎம்டி நுண்செயலிகளுக்கு இதையொத்த தனி இயக்கி 2022-இல் 5.17 பதிப்பில் இடம்பெற்றது.

ஸ்கைலேக் தலைமுறை முதல் வேகத்தைத் தேர்வு செய்யும் பொறுப்பை வன்பொருளே ஏற்றுக்கொண்டது. கருநிரல் அதற்கு விருப்பக் குறிப்பு ஒன்றை மட்டும் தருகிறது. 0 முதல் 255 வரையான எண்ணாக அமையும் அக்குறிப்பில் 0 முழுச் செயல்திறனையும் 255 முழுச் சிக்கனத்தையும் குறிக்கின்றன. செயல்திறன், செயல்திறன் சார்ந்த சமநிலை, சிக்கனம் சார்ந்த சமநிலை, சிக்கனம் என்னும் பொருளில் பெயரிட்ட நான்கு நிலைகளாகவும் அதைக் கொடுக்கலாம். மின்கலத்தில் இயங்கும்போது சிக்கனம் சார்ந்த சமநிலையைத் தேர்வது, வேகத்தைக் கட்டிப்போடாமல் நுண்செயலியை மிதமான படிகளின்பால் சாய்க்கிறது.

டர்போ எனப்படும் உச்ச வேகத்தை நிறுத்தும் கோப்பும் உள்ளது. (ஈ) நிலையில் கண்ட கூடுதல் செலவை இது தவிர்க்கும். வெப்பமும் விசிறியின் இரைச்சலும் குறையும். காணொளி மாற்றம், நிரல் தொகுப்பு போன்ற நீண்ட பணிகளில் இதன் பயன் தெளிவாகத் தெரியும். நொடிப்பொழுதில் முடியும் சிறு வேலைகளில் சேமிப்பு அற்பமே. கணினியின் சுறுசுறுப்பு குறைவதோ கண்கூடு.

6. புறச்சாதன இணைப்புகள்

உள்ளகங்கள் அனைத்தும் உறங்கினாலும், ஒரு புறச்சாதன இணைப்பு விழித்திருந்தால் முழுச் சில்லும் ஆழ்ந்து உறங்க இயலாது. இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 2011-இல் வெளிவந்த 2.6.38 பதிப்பிற்கு மாறிய பல மடிக்கணினிகளில் மின்நுகர்வு கூடியது. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளை ஓய்வில் வைக்கும் ஏஎஸ்பிஎம் வசதியைக் கையாண்ட விதமே காரணம். இவ்வசதி இல்லை எனக் கணினியின் நிலைபொருள் அறிவித்தால், அதே நிலைபொருள் ஏற்கெனவே இயக்கி வைத்திருந்த ஓய்வு அமைப்பையும் கருநிரல் அணைத்துவிட்டது. அவ்வறிவிப்பின் பொருள், இருக்கும் அமைப்பில் தலையிட வேண்டாம் என்பதே என மேத்யூ காரெட் ஆராய்ந்து அளித்த திருத்தம் 2012-இல் 3.3 பதிப்பில் சேர்ந்தது. நுண்செயலி சார்ந்த ஒரு வரியும் மாறாமலே நுண்செயலியின் உறக்கம் கெட்டது என்பது இந்நிகழ்வின் பாடம்.

சாட்டா வட்டு இணைப்பிலும் இதுவே நிலை. மிகச் சிக்கனமான பழைய அமைப்பு சில வட்டுகளில் தரவைச் சிதைத்ததால் வழங்கல்கள் அதை இயல்பாகப் பயன்படுத்தத் தயங்கின. விண்டோஸ் இயக்கி பின்பற்றும் அளவை ஒத்த இடைநிலை அமைப்பு ஒன்று பின்னர்க் கருநிரலில் சேர்க்கப்பட்டு, 2018-இல் ஃபெடோரா 28 வழங்கலில் இயல்பானதாக ஏற்கப்பட்டது. ஏஎஸ்பிஎம் வசதியை வலிந்து இயக்கும் குறிப்பும் உண்டு. அது சில கணினிகளில் பயன்தரும். சிலவற்றில் கம்பியில்லா இணைப்பையோ வட்டையோ செயலிழக்கச் செய்யும். தரவின் பாதுகாப்பு, சில நிமிட மின்சேமிப்பினும் மேலானது.

7. அளந்தறியும் முறை

அளவில்லாத மாற்றம் நம்பிக்கை மட்டுமே. லினக்ஸில் அளவு மூன்று வழிகளில் கிடைக்கிறது. முதலாவது, மின்கலம் வெளியேற்றும் மின்திறனைக் காட்டும் கோப்பு. இது திரை உட்பட முழுக்கணினியின் செலவைத் தருகிறது. இரண்டாவது, 2011-இல் சாண்டி பிரிட்ஜ் நுண்செயலிகளில் வந்த ரேப்பிள் ஆற்றல் எண்ணி. இது நுண்செயலியின் செலவை மைக்ரோ ஜூல் அளவில் கூட்டிக்கொண்டே செல்லும். இரு அளவீடுகளின் வேறுபாட்டை இடைப்பட்ட விநாடிகளால் வகுத்தால் சராசரி மின்திறன் கிடைக்கும். இவ்வெண்ணியின் மூலம் மறைக்குறிச் சாவிகளைக் கண்டறியலாம் என்பதைப் பிளாட்டிபஸ் என்னும் தாக்குதல் 2020-இல் காட்டியதால், இப்போது நிர்வாகி அனுமதியுடன் மட்டுமே அதைப் படிக்க முடியும். மூன்றாவது, டர்போஸ்டாட் கருவி. நுண்செயலி ஒவ்வோர் உறக்கப்படியிலும் எத்தனை விழுக்காட்டு நேரம் கழித்தது என்பதை இது காட்டும்.

சோதனையில் நான்கு நெறிகள் பேணத்தக்கவை. திரையின் ஒளி, கம்பியில்லா இணைப்பு, திறந்துள்ள நிரல்கள் ஆகியவை முன்னும் பின்னும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒரு முறைக்கு ஓர் அமைப்பை மட்டுமே மாற்ற வேண்டும். ஓய்வுநிலை, அன்றாடப் பணி ஆகிய இரண்டிலும் அளத்தல் வேண்டும். பயன் உறுதியான பிறகே மாற்றத்தைத் தொடக்க அமைப்பில் நிலையாக எழுத வேண்டும். அதுவரை, கணினியை மீண்டும் தொடங்கினால் மறையும் வகையில் வைத்திருப்பது பாதுகாப்பானது. டிஎல்பி, பவர் புரொஃபைல்ஸ் டீமன் போன்ற கருவிகள் இதே கோப்புகளில் எழுதுவதால், அவற்றுள் ஒன்றை மட்டுமே இயக்குதல் வேண்டும். இரண்டும் இயங்கினால் எதன் மாற்றம் எஞ்சியது என அறிய இயலாது.

மின்னழுத்தத்தை நேரடியாகக் குறைக்கும் வழி முன்பு பலரால் பின்பற்றப்பட்டது. அதே இடைமுகத்தைக் கொண்டு பாதுகாப்பான கணிப்பைப் பிழையாக்கலாம் என 2019-இல் பிளண்டர்வோல்ட் ஆய்வு காட்டியபின், பல கணினிகளில் நிலைபொருள் புதுப்பிப்பு அவ்வழியை அடைத்துவிட்டது.

8. முடிவுரை

நுண்செயலியின் மின்நுகர்வைக் குறைப்பது வேகத்தைப் பறிப்பதால் நிகழ்வது அன்று. தேவையற்ற விழிப்பை நீக்குவதால் நிகழ்வது. இதன்படி பயனர் பின்பற்றத்தக்க வரிசை தெளிவானது. முதலில் உறக்கத்திற்குத் தடையான பழைய குறிப்புகளை நீக்க வேண்டும். அடுத்து, அடிக்கடி எழுப்பும் நிரல்களையும் உறங்காத இணைப்புகளையும் கண்டறிய வேண்டும். அதன்பின் விருப்பக் குறிப்பைச் சிக்கனத்தின்பால் சாய்க்கலாம். நீண்ட பணிகள் மிகுதியெனில் மட்டும் உச்ச வேகத்தை நிறுத்தலாம். வேகத்தை மிகக் குறைந்த படியில் கட்டிவைப்பது இவ்வரிசையில் இடம்பெறவில்லை.

மின்கலத்தின் கொள்ளளவு ஆண்டுதோறும் தேய்கிறது. தேய்ந்த மின்கலம் கொண்ட பழைய மடிக்கணினிக்கு, ஓய்வுநிலையில் மிச்சமாகும் ஒரு வாட் என்பது ஒரு வகுப்பு முடியும் வரை அது தாங்குமா என்னும் வினாவின் விடையாக அமையலாம். அவ்விடையைச் செலவின்றித் தரவல்ல கோப்புகள் கருநிரலில் ஏற்கெனவே உள்ளன. அவற்றை மாற்றும் முன் அளப்பதும், மாற்றிய பின் மீண்டும் அளப்பதுமே பயனருக்கு உரிய பணியாகும்.